மாண்டிசெல்லோ மாளிகையும் தாமஸ் ஜெபர்ஸன் சரிதையும்

பெரியோர் ஒருவருடைய சரிதையை நூலிற் படித்தறிவது ஒரு வகை. அவர் வாழ்ந்த மனையுட் புகுந்து, அவர் நடந்த தரையில் நடந்து, அவர் அமர்ந்த ஆசனத்தைக் கண்ணாரக் கண்டு அறிவது மற்றொரு வகை. நூலானது எழுதியவர் காட்ட விரும்பியதையே பெரும்பாலும் காட்டும். வீடோ, தன்னைக் கட்டியவர் மறைக்க விரும்பியதையும் சேர்த்தே காட்டிவிடும். இவ்வுண்மையை நமக்கு நன்கு உணர்த்திய ஒரு மாளிகையைப் பற்றியும், அதனைக் கட்டிய பெருமகனாரைப் பற்றியும் நம் பத்திரிகையின் அன்பர்கட்கு இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நம்மவருள் பலருடைய மக்கள் உத்தியோகத்தின் பொருட்டு அமெரிக்கா சென்று வாழ்ந்து வருதல் யாவரும் அறிந்ததே. அங்ஙனம் வாழும் நம் புதல்வருடைய இல்லத்திற் சில மாதங்கள் தங்கும் வாய்ப்பு நமக்கு நேர்ந்தது. அப்பொழுது வர்ஜீனியா மாகாணத்திலே, சார்லட்ஸ்வில் என்னும் நகரையடுத்த குன்றொன்றின் உச்சியில் விளங்கும் மாண்டிசெல்லோ மாளிகையைக் காணச் சென்றிருந்தோம். அப்பெயர் இத்தாலிய மொழியிற் சிறு குன்று எனப் பொருள்படும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மூன்றாம் ஜனாதிபதியாக விளங்கிய தாமஸ் ஜெபர்ஸன் என்பார் தம் கையாலேயே படம் வரைந்து கட்டுவித்த மாளிகை அது. 1938-ஆம் ஆண்டில் அந்நாட்டார் புதிதாக வெளியிட்ட ஐந்து சென்ட் நாணயத்தில் ஒருபுறம் அவர் முகமும், மறுபுறம் இம்மாளிகையும் பொறிக்கப்பெற்றன. 1987-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதனை உலகத்தார் அனைவர்க்கும் உரிய பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

குன்றின் அடிவாரத்தில் அநுமதிச் சீட்டுப் பெற்றுக்கொண்டோம். அங்கிருந்து ஒரு சிறு பஸ் வண்டி நம்மையும் ஏனையோரையும் மரங்களடர்ந்த பாதை வழியே மேலே கொண்டு சேர்த்தது. மாளிகையின் கீழ்த்திசை வாயிலில் வழிகாட்டி ஒருவர் எங்களை எதிர்கொண்டார். உள்ளே எப்பொருளையும் தொடலாகாது என்று எச்சரித்தபின் அவர் சொல்லிய முதல் வார்த்தை நம் நெஞ்சில் தைத்தது. இவ்வீட்டில் இரண்டு வரலாறுகள் உண்டு என்றும், ஒன்றைக் கேட்டு மற்றொன்றைக் கேளாது திரும்புவோர் பாதி வீட்டையே கண்டவராவர் என்றும் அவர் கூறினார். அவ்விரண்டையும் நாம் கேட்டவாறே இங்கு உரைக்கின்றோம்.

தாமஸ் ஜெபர்ஸன் 1743-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13-ஆம் நாள், இக்குன்றுக்கு அண்மையிலுள்ள ஷாட்வெல் என்னும் பண்ணையிற் பிறந்தார். தந்தையார் பீட்டர் ஜெபர்ஸன் நிலம் அளப்பதில் வல்லவர். வர்ஜீனியா நாட்டின் படத்தை வரைந்த இருவருள் ஒருவர். தாயார் ஜேன் என்பவர், அந்நாட்டிற் செல்வாக்கு மிக்க ராண்டால்ப் குடும்பத்திற் பிறந்தவர். தாமஸுக்கு வயது பதினான்கு ஆனபோது தந்தையார் காலஞ்சென்றார். சுமார் 5,000 ஏக்கர் நிலமும், அந்நிலத்தில் உழைத்த அடிமைகளும் பிதிரார்ஜிதமாக அவருக்கு வந்து சேர்ந்தனர். நிலத்தோடு மனிதரையும் சொத்தாக எழுதி வைக்கும் கொடிய வழக்கம் அந்நாட்டில் அக்காலத்திற் சட்டமாகவே இருந்தது. ஆப்பிரிக்க தேசத்தினின்றும் கப்பலிற் கொண்டுவரப்பட்டோரும் அவர் சந்ததியாரும், ஆடு மாடுகளைப்போல விற்கவும் வாங்கவும் பட்டனர். அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்த மகவு பிறக்கும்போதே அடிமை. அதன் தகப்பன் யாவனாயினும் அவ்விதி மாறாது.

இளைஞர் ஜெபர்ஸன் 1760-ஆம் ஆண்டு வில்லியம்ஸ்பர்க் நகரிலுள்ள வில்லியம்-மேரி கலாசாலையிற் சேர்ந்தார். பின்னர் ஜார்ஜ் வித் என்னும் சட்ட நிபுணரிடம் மாணாக்கராக அமர்ந்து பல்லாண்டு பயின்று, 1767-ஆம் ஆண்டில் வக்கீல் தொழிலை மேற்கொண்டார். கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு முதலிய பாஷைகளிலும், கணிதம், வானநூல், தோட்டக்கலை, சங்கீதம் ஆகியவற்றிலும் அவருக்கு ஊக்கம் மிகுதி. அவர்க்கு வாய்த்த கலைகளுள் முதன்மையானது சிற்பநூல் எனலாம். இத்தாலிய நாட்டுச் சிற்பியாகிய பல்லாடியோ என்பாருடைய நூலைக் கற்றுத் தாமே ஒரு மாளிகை எழுப்ப விரும்பினார். சிறு வயதில் விளையாடித் திரிந்த குன்றின் தலையை 1768-ஆம் ஆண்டிற் சமனாக்கத் தொடங்கினார். ஆற்றங்கரையிலோ சாலையோரத்திலோ வீடு கட்டுவதே அந்நாட்டார் வழக்கம். நீர் கிடைத்தற்கும் அரிதாகிய மலையுச்சியில் மாளிகை எழுப்புவாரைக் கண்டு அயலார் வியந்தனர்.

1770-ஆம் ஆண்டில் ஷாட்வெல் வீடு தீப்பற்றி எரிந்து, அவருடைய புத்தகங்கள் பெரும்பாலும் சாம்பலாயின. மலையுச்சியில் அதுவரை கட்டிமுடிந்திருந்தது செங்கல்லாலாய சிறு மனையொன்றே. அதிற் குடிபுகுந்தார். 1772-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மார்த்தா என்னும் இளம் விதவையை விவாகஞ் செய்துகொண்டு, கடும் பனியினூடே அச்சிறு மனைக்கே அழைத்து வந்தார். மறு ஆண்டில் மாமனார் ஜான் வேல்ஸ் இறந்தார். அவர் வழியாக 11,000 ஏக்கர் நிலமும், 135 அடிமைகளும் ஜெபர்ஸன் வசமாயினர். அவற்றோடு இங்கிலாந்து தேசத்து வர்த்தகர்கட்கு மாமனார் கொடுக்கவேண்டியிருந்த பெருங்கடனும் வந்து சேர்ந்தது. அக்கடனாகிய விதை பின்னர் எத்தகைய மரமாயிற்று என்பதை முடிவிற் காண்போம்.

இவ்வளவும் வழிகாட்டி வாயிற்படியில் நின்றே சுருக்கமாகக் கூறினார். பின்னர் முகமண்டபத்தின் மேல்விதானத்தைக் காட்டினார். அங்கே ஒரு திசைகாட்டி வட்டம் பதிக்கப்பெற்றுள்ளது. கூரைமேற் சுழலும் காற்றாடியோடு அஃது இணைக்கப்பெற்றிருப்பதால், காற்று எத்திசையினின்றும் வீசுகின்றதென்பதை மழையில் நனையாமலே அறியலாம். வாயிலைக் கடந்து உட்புகுந்தால் பெரியதொரு கூடம். கதவின்மேல் ஜெபர்ஸன் அமைப்பித்த பெருங்கடிகாரம் உள்ளது. பீரங்கிக் குண்டுகளைப் போன்ற எடைகள் கயிற்றில் தொங்கி அதனை இயக்குகின்றன. அவ்வெடைகள் இறங்க இறங்க, சுவரில் எழுதியுள்ள கிழமைப் பெயர்கள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்படும். கூடத்தின் உயரம் போதாமையால் தரையில் துளையிட்டு, சனிக்கிழமையை நிலவறைக்குள் அனுப்பியிருக்கின்றார். இதனைக் கேட்டு உடனிருந்தோர் அனைவரும் நகைத்தனர், நாமும் நகைத்தோம்.

அக்கூடத்துச் சுவர்களில் நாட்டுப் படங்களும், மான் இனத்துப் பெருங்கொம்புகளும், அமெரிக்கப் பழங்குடியாரின் கைவினைப் பொருள்களும் விளங்குகின்றன. ஜெபர்ஸன் ஜனாதிபதியாயிருந்தபோது, 1803-ஆம் ஆண்டில், பிரெஞ்சு தேசத்தாரிடமிருந்து லூயிசியானா என்னும் பெரும் பிரதேசத்தை 1 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கினார். அதன் பரப்பு ஏறத்தாழ 8,28,000 சதுர மைல். அதனால் அந்நாட்டின் அளவு ஏறக்குறைய இரட்டித்தது. அப்பிரதேசத்தைக் கண்டறிந்து வரும்படி அவர் அனுப்பிய லூயிஸ், கிளார்க் என்னும் இருவர் கொணர்ந்த அரும்பொருள்கள் பல இக்கூடத்தை அலங்கரித்தன. அரசியலில் தம் பகைவராயிருந்த அலெக்ஸாண்டர் ஹாமில்டனுடைய சிலையையும் இக்கூடத்தில், தம் சிலைக்கு எதிரே, அவர் வைத்திருந்தனர் என்று வழிகாட்டி கூறினார். மாற்றாரையும் வீட்டில் வைத்து மதிக்கும் பண்பு எல்லார்க்கும் எளிதன்று.

அடுத்துப் புத்தக சாலையையும், எழுதும் அறையையும், சயன அறையையும் கண்டோம். எழுதும் அறைக்கும் சயன அறைக்கும் நடுவே சுவரிற் குடைந்த மாடத்தில் அவருடைய கட்டில் அமைந்துள்ளது. ஒருபுறம் இறங்கினால் உடையணியலாம். மறுபுறம் இறங்கினால் நேரே எழுத அமரலாம். ஒரு பேனாவால் எழுத மற்றொரு பேனா தானே படியெடுக்கும் யந்திரமொன்றும் அங்கு உள்ளது. தாம் எழுதிய கடிதம் ஒவ்வொன்றுக்கும் படி வைத்துக்கொண்ட அவ்வியல்பே, அவருடைய வாழ்க்கையை இற்றைநாள் உலகம் நுணுக்கமாக அறிதற்கு ஏதுவாயிற்று.

அவர் எழுதியவற்றுள் உலகறிந்தது சுதந்தரப் பிரகடனம். ஆங்கில அரசரின் ஆட்சியை உதறித் தனி நாடாவது என்று பதின்மூன்று குடியேற்ற நாட்டாரும் துணிந்தபோது, அத்துணிபை உலகிற்கு அறிவிக்கும் சாசனத்தை வரையும் பணி முப்பத்துமூன்று வயதினரான ஜெபர்ஸனிடம் ஒப்புவிக்கப்பட்டது. 1776-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிலடெல்பியா நகரில் வாடகை அறைகளிலிருந்து அதனை அவர் எழுதினார். அதே ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் மகாசபையார் அதனை ஏற்றனர். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்பதும், உயிரும் சுதந்தரமும் அவர்க்குப் பிறப்புரிமை என்பதும் அச்சாசனத்தின் உயிர்நிலை. அடிமை வியாபாரத்தைக் கண்டிக்கும் பகுதியொன்றையும் அவர் அதிற் சேர்த்திருந்தார். மகாசபையார் அதனை நீக்கிவிட்டனர். அவர் அச்சாசனத்தை எழுதுங்காலத்தில் அவருக்குக் குற்றேவல் புரிய உடன் சென்றிருந்தவன் பதினான்கு வயதினனான ராபர்ட் ஹெமிங்ஸ் என்னும் அடிமைச் சிறுவன். அச்சிறுவன் ஜெபர்ஸனுடைய மனைவியார்க்குத் தந்தை வழியில் உடன்பிறப்பு என்று கொள்ளப்படுகின்றது. வழிகாட்டி இதனைச் சொல்லியபோது, சனிக்கிழமையைக் கேட்டு நகைத்த கூட்டத்தில் ஒருவரும் வாய்திறக்கவில்லை.

ஜெபர்ஸன் 1779 முதல் 1781 வரை வர்ஜீனியாவின் கவர்னராயிருந்தார். சமய விஷயத்தில் எவரையும் அரசு வற்புறுத்தலாகாது என்னும் சட்டத்தை வரைந்தார். அது 1786-ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. 1782-ஆம் ஆண்டு செப்டம்பரில் மனைவியார் இறந்தார். அவர் பெற்ற ஆறு மக்களுள் வளர்ந்து பெரியோரானவர் பெண்கள் இருவரே. மனைவியாரை இழந்த ஜெபர்ஸன் மூன்று வாரம் அறையைவிட்டு வெளிவரவில்லை. பின்னர் மறுமணமும் செய்துகொண்டாரில்லை. 1784 முதல் 1789 வரை பிரெஞ்சு தேசத்தில் தம் நாட்டின் பிரதிநிதியாக வாழ்ந்தார். அங்கே பாரிஸ் நகரத்து மாளிகைகளைக் கண்டு மோகித்துத் திரும்பியவர், தம் வீட்டின் பெரும்பகுதியை இடித்துப் புதுக்க எண்ணினார். 1796-ஆம் ஆண்டில் அவ்வேலை தொடங்கிற்று. 1809-ஆம் ஆண்டு வரை நீண்டது. முதற் கல் நாட்டியது தொட்டுக் கணக்கிட்டால், அவ்வீட்டு வேலை நாற்பது ஆண்டு நடந்ததாகும். இன்று கும்மட்டத்தோடு விளங்கும் அம்மாளிகை, பக்கத்துச் சிறு மனைகளும் கீழ்க்கட்டு அறைகளும் உட்பட 43 அறைகளை உடையது.

போஜன அறைக்குச் சென்றபோதுதான் வழிகாட்டி சொல்லிய இரண்டாவது வரலாறு நமக்கு விளங்கலாயிற்று. அவ்வறையில் கணப்படுப்பின் இருமருங்கும் சிறு கதவுகள் உள. அவற்றைத் திறந்தால், நிலவறையினின்றும் திராட்ச ரச புட்டிகளை மேலே ஏற்றும் சிறு பெட்டிகள் காணப்படும். உணவு வரும் வாயிலில் தட்டுகள் பொருந்திய சுழல்கதவு ஒன்று உண்டு. பணியாளர் வெளியே நின்று கலங்களை அத்தட்டுகளில் வைத்துச் சுழற்றினால், கலங்கள் மட்டும் உள்ளே வரும், வைத்தவர் வாரார். விருந்தினர் இக்கருவிகளைக் கண்டு வியந்து பாராட்டினர். ஆயின் அக்கருவிகளின் பயன் யாது? சமத்துவத்தைப் பற்றி உரையாடிக்கொண்டு உண்போர் கண்ணில், தமக்கு உணவு சமைத்த அடிமைகள் படாதிருத்தற்கும் அவை உதவின. சமையலறையும், கிடங்குகளும், அவற்றை இணைக்கும் நீண்ட வழியும் மாளிகையின் இருபுறத்துத் திறந்த தளங்களின்கீழ் மறைவாக அமைந்துள்ளன. மேலே உலாவும் பிரபுவும் அவர் நண்பரும் மலைக்காட்சியைக் கண்டு மகிழ்வர். அவர் காலடியின்கீழே அடுப்புப் புகையில் உழல்வோரை அவர் காணவேண்டுவதில்லை. வீட்டைக் கட்டியவர் கைத்திறன் இங்கே அவருடைய மனச்சாட்சிக்கும் ஒரு திரைகட்டித் தந்தது என்றே நாம் எண்ணினோம்.

மாளிகையை விட்டு வெளிப்போந்து, முசுக்கட்டை மரங்களை வரிசையாக நட்டிருந்தமையால் மல்பெரி வரிசை எனப் பெயர் பெற்ற வீதியிற் சென்றோம். தச்சுப் பட்டடை, கொல்லுலை, நூற்கும் நெய்யும் கொட்டகை, அடிமைகளின் குடிசைகள் ஆகியவை அங்கு இருந்தன. 1794-ஆம் ஆண்டில் ஜெபர்ஸன் அங்கே ஆணி செய்யும் பட்டடை ஒன்றை நிறுவினார். அதில் உழைத்தோர் பத்து முதல் பதினாறு வயதுடைய சிறுவர். ஒவ்வொரு சிறுவனும் எவ்வளவு இரும்பை வாங்கினான், எவ்வளவு ஆணியாக்கினான், எவ்வளவு சேதமாக்கினான் என்பதை எடையிட்டுத் தம் கையாலேயே கணக்கில் எழுதிவைத்தார். சில காலம் அவ்வாணிகளின் வருவாயே குடும்பத்து மளிகைச் செலவைத் தாங்கிற்று.

ஜெபர்ஸன் தம் வாழ்நாள் முழுவதும் உடைமையாகக் கொண்டிருந்த மனிதர் 600-க்கு மேற்பட்டவர். அவருள் அவர் தாம் உயிரோடிருந்த காலத்தில் விடுதலை செய்தவர் இருவர். மரண சாசனத்தால் விடுவித்தவர் ஐவர். அடிமைத்தனம் தீமை என்பதை அவர் அறியாதவரல்லர். மேற்றிசைப் புதிய பிரதேசங்களில் 1800-ஆம் ஆண்டுக்குப் பின் அடிமைத்தனம் கூடாது என 1784-ஆம் ஆண்டில் அவர் கொணர்ந்த யோசனை ஒரே வாக்குக் குறைவால் தோல்வியுற்றது. வெளிநாட்டினின்றும் அடிமைகளைக் கொணர்தலைத் தடுக்கும் சட்டத்தில் 1807-ஆம் ஆண்டில் ஜனாதிபதியாகக் கையொப்பமிட்டவரும் அவரே. ஆயினும் கறுப்பர் அறிவிற் குறைந்தவர் என்னும் ஐயத்தைத் தம் நூலில் எழுதிவைத்தவரும் அவரே. அவர் அங்ஙனம் எழுதிய காலத்திலும் பின்னும், அவர் வீட்டின் நுண்ணிய தச்சு வேலைகளைச் செய்தும், பிரெஞ்சு முறைப்படி சமைத்தும், தோட்டத்தை வளர்த்தும் வந்தவர் அக்கறுப்பரே. கண்ணெதிரே கண்ட சான்றினும் வழிவழி வந்த எண்ணம் அவரிடத்து வலிமை பெற்றிருந்தது. இஃது அவர் ஒருவர்க்கே உரிய குறையன்று என்பதை நாமும் நெஞ்சில் கைவைத்து நினைத்தல் வேண்டும்.

தெற்குப்புறத்துக் கீழ்க்கட்டில் ஓர் அறை 2018-ஆம் ஆண்டு முதல் பொதுமக்களுக்குக் காட்டப்பெறுகின்றது. அது சாலி ஹெமிங்ஸ் என்னும் மாது வாழ்ந்த இடமெனக் கருதப்படுவது. முன்னர்க் கூறிய ராபர்ட்டுக்கு இவர் உடன்பிறந்தவர். 1787-ஆம் ஆண்டில் பதினான்கு வயதுப் பெண்ணாக ஜெபர்ஸனுடைய இளைய மகளுக்குத் துணையாகப் பாரிஸ் சென்றார். பிரெஞ்சு நாட்டுச் சட்டப்படி அங்கே விடுதலை கோரியிருத்தல் கூடும். தமக்குப் பிறக்கும் மக்கள் விடுதலை பெறுவர் என்ற வாக்கைப் பெற்றே அவர் திரும்பினார் என்று அவர் மகன் மாடிஸன் பிற்காலத்தில் வெளியிட்ட வரலாற்றால் அறிகின்றோம். அவர் மக்களின் தகப்பனார் ஜெபர்ஸனே என்பது நெடுங்காலம் மறுக்கப்பட்டு வந்தது. 1998-ஆம் ஆண்டில் நடந்த மரபணு ஆராய்ச்சியும், ஏனைய சான்றுகளும் சேர்ந்து, மாளிகையை நிர்வகிக்கும் ஸ்தாபனத்தாரே அதனை ஒப்புக்கொள்ளும்படி செய்தன. இதனை நாம் இழிவு கூறும் நோக்கத்தோடு எழுதவில்லை. தாயின் பிறப்பால் தம் மக்களே தமக்கு அடிமையாயிருக்க, அவர்களை வீட்டு வேலைக்கும் தச்சு வேலைக்கும் பழக்கிய ஒருவரின் உள்ளம் எத்துணைப் பிளவுபட்டிருந்ததோ என்றே இரங்குகின்றோம்.

இனிக் கடனைப் பற்றிக் கூறுவோம். வாணிபத்தில் ஈடுபட்ட நம் அன்பர்கள் இப்பகுதியைச் சற்றுக் கூர்ந்து படித்தல் நலம். ஜெபர்ஸன் அறுபது ஆண்டுக் காலம் தம் செலவை நாள்தோறும் எழுதி வந்தவர். காசு குறையாமல் எழுதினார். ஆனால் வரவையும் செலவையும் ஒருங்கே நிறுத்தி, மொத்தத்தில் தாம் நிற்கும் நிலை யாது என்று பார்த்தாரில்லை. மாமனார் விட்டுச்சென்ற கடன் வட்டியோடு வளர்ந்தது. வீடு இடிப்பதும் கட்டுவதுமாயிருந்தது. உயர்ந்த திராட்ச ரசமும், புத்தகமும், சித்திரங்களும் குறைவின்றி வந்தன. 1814-ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை வாஷிங்டன் நகரிலிருந்த மகாசபை மண்டபத்தையும் அதன் புத்தக சாலையையும் எரித்தது. மறு ஆண்டில் ஜெபர்ஸன் தமது 6,487 புத்தகங்களை 23,950 டாலருக்கு மகாசபைக்கு விற்று, அப்பணத்திற் கடனில் ஒரு பகுதியைத் தீர்த்தார். தீர்த்தபின் மீண்டும் புத்தகம் வாங்கத் தொடங்கினார். 1818-ஆம் ஆண்டில், தம் பேரனுடைய மாமனாராகிய நிக்கலஸ் என்பவர் வாங்கிய 20,000 டாலர் கடனுக்கு ஜாமீன் கையொப்பமிட்டார். மறு ஆண்டில் நாடெங்கும் வாணிப நெருக்கடி உண்டாக, நிக்கலஸ் நொடித்தார். அப்பெருந்தொகையும் ஜெபர்ஸன் தலைமேல் வீழ்ந்தது. சம்பந்தியின் முகதாட்சிணியத்திற்காக இட்ட கையொப்பம் ஒரு குடும்பத்தைச் சாய்க்கும் என்பதை நம் ஊர்களிலும் கண்டிருக்கின்றோம் அன்றோ?

இவ்வளவு இடுக்கணிலும் அவர் நிறுவிய வர்ஜீனியா சர்வகலாசாலை அவர் பெருமைக்குச் சிகரம். 1819-ஆம் ஆண்டில் அதற்கு அநுமதி பெற்று, கட்டடங்களுக்குத் தாமே படம் வரைந்து, மலைமீதிருந்து தூரதிருஷ்டிக் கண்ணாடியால் வேலையைக் கவனித்து வந்தார். 1825-ஆம் ஆண்டில் அங்குப் பாடங்கள் தொடங்கின. மறு ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், சுதந்தரப் பிரகடனம் ஏற்கப்பட்டு ஐம்பது ஆண்டு நிறைந்த அதே தினத்தில், எண்பத்துமூன்றாம் வயதில் அவர் உயிர் நீத்தார். அவருக்கு முன் ஜனாதிபதியாயிருந்த ஜான் ஆடம்ஸ் என்பாரும் அன்றே காலமானது ஓர் அற்புதம். ஜெபர்ஸனுடைய சவப்பெட்டியைச் செய்தவர் அடிமைத் தச்சரான ஜான் ஹெமிங்ஸ். குழி வெட்டியவர் அடிமைத் தோட்டக்காரரான வோர்ம்லி ஹியூஸ்.

அவர் விட்டுச்சென்ற கடன் 1,07,000 டாலருக்கு மேல். அதனைத் தீர்க்க 1827-ஆம் ஆண்டு ஜனவரி மாதக் குளிரில், மாண்டிசெல்லோ மலைமீதே ஏலம் நடந்தது. நாற்காலி, மேசை, கால்நடை, தானியம் ஆகியவற்றோடு 130 மனிதரும் ஏலத்திற்கு அறிவிக்கப்பட்டனர். பிரபு பட்ட கடனை, அக்கடனால் ஒரு நன்மையும் காணாதவர் தம் உடலாலும் மக்களாலும் தீர்த்தனர்.

அவர்களுள் ஒரு குடும்பத்தின் கதையை மட்டும் கூறுவோம். ஜோசப் பாஸெட் என்பவர் அப்பண்ணையின் கொல்லர். அவர் மனைவி ஈடித், ஜெபர்ஸன் ஜனாதிபதியாயிருந்தபோது வாஷிங்டனில் பிரெஞ்சுச் சமையல் பயின்று, பின்னர் மாண்டிசெல்லோவின் தலைமைச் சமையற்காரியானவர். 1806-ஆம் ஆண்டில் பிரிவாற்றாத ஜோசப் அநுமதியின்றி வாஷிங்டனுக்கு ஓடி மனைவியைக் கண்டார். அவரைப் பிடித்துவர ஜெபர்ஸன் ஆள் அனுப்பினார். மரண சாசனத்தில் விடுதலை பெற்ற ஐவருள் ஜோசப்பும் ஒருவர். ஆயின் அவர் மனைவியும் மக்களும் விடுவிக்கப்படவில்லை. விடுதலைப் பத்திரத்தை எதிர்நோக்கி நின்ற அத்தந்தை, தம் குடும்பத்தார் வெவ்வேறு மனிதர்க்கு விற்கப்படுதலைக் கண்ணாற் கண்டார். அவர் சோர்ந்து அமரவில்லை. உலைக்களத்தில் உழைத்து ஈட்டிய பொருளாலும், உற்றார் உதவியாலும் மனைவியையும் மக்களுட் சிலரையும் மீட்டார். பதினொரு வயதில் விற்கப்பட்ட மகன் பீட்டர், இருமுறை தப்பியோட முயன்று பிடிபட்டு, 1850-ஆம் ஆண்டளவில் உறவினர் உதவியால் விடுதலை பெற்றார். ஒஹாயோ மாகாணத்துச் சின்சினாட்டி நகரிற் சமையல் ஒப்பந்தத் தொழில் செய்தும், கிறிஸ்தவ போதகராகத் தொண்டாற்றியும் மதிப்புற வாழ்ந்தார். 1900-ஆம் ஆண்டில், முதுமையில், தாம் பிறந்த அம்மலையை மீண்டும் ஒருமுறை கண்டு சென்றார். நாம் அம்மாளிகையின் முன்வாயிலில் நின்றபோது, கும்மட்டத்தைக் கட்டியவரினும் இம்முதியவரே நம் நினைவில் மிகுதியாக நின்றார்.

ஜெபர்ஸன் குடும்பத்தார்க்கும் வீடு நிலைக்கவில்லை. 1831-ஆம் ஆண்டில் அது சொற்ப விலைக்குக் கைமாறிற்று. 1834-ஆம் ஆண்டில் யூரியா லெவி என்னும் யூதக் கப்பற்படை அதிகாரி, சமய சுதந்தரம் அளித்தவர் வாழ்ந்த வீடு பாழாகலாகாது என்னும் நன்றியறிவால் அதனை வாங்கினார். அவரும் பின்னர் அவருடைய சகோதரர் மகனும் அதனைப் பாதுகாத்தனர். 1923-ஆம் ஆண்டில் தரும ஸ்தாபனமொன்று 5 லட்சம் டாலருக்கு அதனை வாங்கிப் பொதுச் சொத்தாக்கியது.

இறுதியில் குன்றின் சரிவிலுள்ள சமாதியைக் கண்டோம். தம் நடுகல்லில் மூன்று செயல்களையே பொறிக்கவேண்டுமென ஜெபர்ஸன் எழுதிவைத்தார். சுதந்தரப் பிரகடனத்தை வரைந்ததும், சமய சுதந்தரச் சட்டத்தை இயற்றியதும், சர்வகலாசாலையை நிறுவியதுமே அவை. இருமுறை ஜனாதிபதியாயிருந்ததை அவர் குறிக்கச் சொல்லவில்லை. பதவியினும் பணியே பெரிது என்னும் இக்கருத்து போற்றத்தக்கது. வண்டிகள் நிறுத்தும் இடத்தருகே மரநிழலில் மற்றொரு மயானமும் உண்டு. அஃது அடிமைகளின் மயானம். அங்கே 40-க்கு மேற்பட்ட புதைகுழிகள் கண்டறியப்பட்டுள்ளன. பொறித்த பெயர்களைக் காணோம். வழிகாட்டி சொல்லிய இரண்டு வரலாறுகளும் அவ்விரண்டு மயானங்களாக நமக்குத் தோன்றின.

வீடு திரும்பும் வழியில் நம் சிந்தை நம் ஊர்களுக்கே சென்றது. நம் முன்னோரும் பெருவீடுகள் கட்டினர். தேக்குத் தூண்களையும், பளிங்கு போன்ற சுதைச் சுவர்களையும் காட்டி, இன்னார் கட்டியது என்று பெருமையோடு சொல்லுகின்றோம். சுண்ணாம்பு அரைத்தவர் யார், நிலையைச் செதுக்கிய தச்சர் யார், அட்டிலில் ஐம்பது ஆண்டு புகையுண்டவர் யார் என்று நம் பேரர் கேட்பின், விடை கூறுவார் நம்முள் எத்தனை பேர்? அவர்கள் விலைக்கு வாங்கப்பட்டவரல்லர் என்று கூறி இக்கேள்வியைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் நம் வீடுகளிலும் அவர்கட்கென்று ஒரு பின்வாயில் இருந்ததை நாம் மறுக்க முடியாது.

ஆதலின் நம் சங்கத்து அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். பழைய வீடும் பழைய கணக்குப் புத்தகங்களும் உடையோர் அவற்றைப் பழைய காகிதமென்று எடைக்கு விற்றுவிடாதீர்கள். அவற்றில் கூலி பெற்றவர் பெயர்கள் இருக்கும். அவற்றைப் படியெடுத்து, வீட்டு முதியோர் நினைவிலுள்ள பெயர்களையும் சேர்த்து எழுதிவையுங்கள். ஜெபர்ஸன் எழுதிய கணக்கு அவர் குடும்பத்தைக் கடனிலிருந்து காக்கவில்லை. ஆயினும் ஆணியடித்த சிறுவர் பெயர்களையும், சமைத்த மகளிர் பெயர்களையும் அக்கணக்கே உலகிற்குக் காத்துக் கொடுத்தது. வரவுக்கு மிஞ்சி வீடு எழுப்பாதிருத்தலும், எழுப்பிய வீட்டில் உழைத்தவரை மறவாதிருத்தலும், வாயாற் சொல்லும் நீதியை வீட்டுக்குள்ளே முதலிற் செய்து காட்டுதலும் ஆகிய இம்மூன்றுமே அம்மலையினின்றும் நாம் கொண்டுவந்தவை.